மூன்று முறை ஊற்றிய தூள்

தாஷ்கண்டுக்கு அருகே ஓடும் சிர்ச்சிக் ஆற்றின் மணலில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தபோது மோஹிராவுக்கு ஏழு வயது. அவளைவிட ஆறு வயது மூத்த சலோமத் பின்னாலேயே நடந்தாள். தங்கை தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மலையிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீர் மே மாதத்திலும் விரலைக் கடிக்கும். காந்தத்தின் முனையில் கறுப்புத் தூள் மயிர் சிலிர்த்ததுபோல் ஒட்டிக்கொண்டது. மோஹிரா அதைக் கவனமாக வழித்துத் தீப்பெட்டிக்குள் போட்டாள். அக்காவை அவள் ஓபா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஓபா, இது மட்டும் ஏன் ஒட்டுது? மத்த மணல் ஏன் ஒட்டல?"

"ஒட்டுறது ஒட்டும், ஒட்டாதது ஒட்டாது. வா, நோன் ரொட்டி ஆறிடப் போகுது."

அந்தப் பதில் மோஹிராவுக்குப் போதவில்லை. அந்தக் கோடையில் பதினோரு தீப்பெட்டிகள் நிறைந்தன. எந்த நாளில் ஆற்றின் எந்த வளைவில் எடுத்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி வைத்தவள் சலோமத். ஏன் என்று கேட்பது தங்கையின் வேலை, எழுதி வைப்பது அக்காவின் வேலை என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

சலோமத் எட்டாம் வகுப்போடு நின்றாள். படிப்பில் மட்டம் என்று இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பிசகாமல் செய்வதில்தான் அவளுக்கு நிம்மதி இருந்தது. பதினேழு வயதில், ஊரின் டங்ஸ்டன் ஆலையில், ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் மாதிரி எடுப்பவள் ஆனாள். உலையிலிருந்து வரும் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் சிறிது தூளை எடுத்து, நிறுத்து, சலித்து, அளந்து, பதிவேட்டில் எண் எழுத வேண்டும். அவள் எழுதிய எண்ணை யாரும் திரும்பச் சரிபார்த்ததில்லை. ஆலை வாசலில் இருந்த கௌரவப் பலகையில் அவள் புகைப்படம் இருபத்திரண்டு வருடம் தொங்கியது.

மோஹிரா தாஷ்கண்டில் ஐந்து வருடம் படித்தாள். பிறகு கீவ் நகரில் மூன்று வருடம் உலோகத் தூள்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றாள். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அவள் 1989 இலையுதிர் காலத்தில், ஒரு பெட்டி நிறையப் புத்தகமும் ஒரே ஒரு குளிர்கால மேலங்கியுமாக ஊருக்கு வந்து, அக்கா வேலை செய்த அதே ஆலையில் சேர்ந்தாள். முதல் நாள் காலை சலோமத் அவளை ஆய்வகத்து வாசலில் நிறுத்தி, "வீட்டுல நீ மோஹிரா. இந்த வாசப்படிக்கு உள்ளே தொம்லா. நான் உன்னை நீங்கன்னுதான் கூப்பிடுவேன். சிரிக்கக் கூடாது" என்றாள். பள்ளி ஆசிரியரிலிருந்து பேராசிரியர் வரை படித்தவர்களை அந்த ஊரில் அழைக்கும் சொல் அது.

சிரித்தது மோஹிரா இல்லை, ரைசா. பக்கத்து மேசையில் சல்லடை வேலை பார்த்த தாத்தார்ப் பெண் அவள். அவள் வாய்க்குப் பூட்டு எதுவும் கிடையாது. "காலையில தொம்லாவோட காதைத் திருகி எழுப்பினது யாரு, சலோமத்? அப்பவும் நீங்கன்னுதான் சொன்னியா?" என்று கேட்டாள்.

தொண்ணூறுகளில் ஆலை பாதி மூச்சில் ஓடியது. பாதிப் பேர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள். மோஹிராவின் கணவன் ருஸ்தமும் செல்யாபின்ஸ்க் போனான். குளிர்காலத்தில் ஆய்வகத்தில் வெந்நீர்க் குழாய்கள் சில்லிட்டுக் கிடந்தன. எண்ணெய் உறைந்து பாழாகிவிடக் கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் மோஹிரா வெற்றிடப் பம்பை ஒரு மணி நேரம் ஓட்டினாள். ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உனக்குக் கணவன் வேண்டுமா, பம்ப் வேண்டுமா என்று ருஸ்தம் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான். பதில் எழுத நினைத்து அவள் உட்கார்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எழுந்து பம்பை ஓட்டப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், மூன்றாம் மாடியில், இரண்டு அறைகளில் இருந்தார்கள். சலோமத்தின் கணவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

அந்தப் பம்ப்தான் பிறகு மோஹிராவின் ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்தது. டங்ஸ்டன் எளிதில் உருகாத உலோகம். அதன் தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த செங்கல் மாதிரி கோணல்மாணலாக இருக்கும். அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நிற்கும், ஓடாது. மின்சாரத்தால் எரியும் பிளாஸ்மாச் சுடருக்குள் அந்தத் தூளை விழவிட்டால், விழும் அந்த நொடிக்குள் ஒவ்வொரு துகளும் உருகி உருண்டையாகி, கீழே போகும்முன் இறுகிவிடும். உருண்டைத் தூள் தண்ணீர் மாதிரி ஓடும். புதிய இயந்திரங்களில் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, லேசர் ஒளியால் உருக்கி, படலத்தின் மேல் படலமாக இயந்திரப் பாகங்களைச் செய்வதற்கு அது வேண்டும். இதை எல்லோரும் புத்தகத்தில் படித்திருந்தார்கள். பழைய பம்ப், கழித்துப் போட்ட ஒரு வெல்டிங் சாதனம், பால் பண்ணையிலிருந்து வாங்கிய எஃகுத் தொட்டி இவற்றை வைத்து மோஹிரா அப்படி ஒரு பிளாஸ்மா உலையைக் கட்டினாள். ஆறு வருடம் ஆயிற்று. 2008 மார்ச் மாதம் நுண்ணோக்கியின் முன்னால் அக்காவை உட்கார வைத்தாள்.

சலோமத் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மழை விட்ட பிறகு முட்டைக்கோஸ் இலையில் நிற்கும் துளிகள்போல, வெள்ளி நிறத்தில், நூற்றுக்கணக்கான உருண்டைகள். வெகு நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே அளவுல இல்லையே, தொம்லா" என்றாள்.

"அதுக்குத்தானே சல்லடை இருக்கு. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

அந்தத் தூளைச் சோதிப்பதற்கு மோஹிரா ஒரு செய்முறைத் தாள் எழுதினாள். ரஷ்ய மொழித் தாள்களையே பார்த்துப் பழகிய ஆய்வகத்தில் அதுதான் முதல் உஸ்பெக் தாள். அக்கா அகராதி இல்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதினாள். சலோமத் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். நான்காவது வரி இது: "மாதிரியை நன்றாகக் கய்தரிப், புனலில் ஊற்றவும்." திருப்பி என்று பொருள். மூடிய டப்பாவை ஒரு முறை கவிழ்த்து நிமிர்த்துவதைத்தான் மோஹிரா மனத்தில் வைத்திருந்தாள். ஆனால் அந்த ஊரில் எந்தப் பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலும் அவள் கை தேநீர்க் கெண்டியைத் தேடும். கெண்டியிலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றி, கிண்ணத்திலிருந்து கெண்டிக்கே திருப்பி ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. இதற்குப் பெயர் கய்தர்மா. அப்போதுதான் தேயிலை இறங்கும். நான்காவதாக ஊற்றுவதைத்தான் மனிதர்களுக்குக் கொடுப்பார்கள்.

ஆகவே சலோமத் ஐம்பது கிராம் தூளை நிறுத்தாள். டங்ஸ்டன் அத்தனை கனம். ஐம்பது கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். இரண்டு எஃகுக் கிண்ணங்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கும் மற்றதிலிருந்து இதற்கும் மூன்று முறை திருப்பி ஊற்றினாள். கிண்ணத்தின் பக்கங்களில் லேசாகக் கறுப்பு படியும். பஞ்சால் துடைத்து, பஞ்சைக் கூடையில் போட்டுவிடுவாள். பிறகு புனலின் அடித்துளையை விரலால் அடைத்துத் தூளைக் கொட்டுவாள். விரலை எடுக்கும்போதே ஸ்டாப்வாட்சை அழுத்துவாள். தூள் மெல்லிய கோடாக ஓடி முடியும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவாள். ஏழு புள்ளி ஒன்று. ஏழு புள்ளி பூஜ்யம். ஏழு புள்ளி இரண்டு. பதினோரு வருடம் இப்படியே எழுதினாள்.

வாங்கியவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. அவர்களுக்கு அது பாகங்களின் மேல் பூச்சாகத் தெளிப்பதற்குத்தான் தேவைப்பட்டது. தெளிக்கும் கருவி தூளைக் குலுக்கிக்கொண்டே இருக்கும். 2019 வசந்த காலத்தில் கொரியாவில் ஒரு சிறு நிறுவனம் பாகம் அச்சடிக்கும் இயந்திரத்துக்காக நாற்பது டப்பா வாங்கியது. மோஹிரா முப்பது வருடமாகக் காத்திருந்தது அந்த நாளுக்குத்தான். டப்பாக்கள் போன அன்று சலோமத் வீட்டில் பலாவ் சமைத்து, மாடி முழுவதற்கும் தட்டுத் தட்டாகக் கொடுத்தனுப்பினாள்.

செப்டம்பரில் முப்பத்தெட்டு டப்பாக்கள் திரும்பி வந்தன. கூடவே ஒரு பக்கக் கடிதம். தூள் பரவவில்லை, கட்டி கட்டியாக இழுபடுகிறது. எங்கள் சோதனையில் புனலிலிருந்து இறங்கவே இல்லை. உங்கள் சான்றிதழில் 7.1 நொடி என்று இருக்கிறது. விளக்கவும்.

தலைமைப் பொறியாளர் தாஹிர் அஸிமோவிச் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தார். இருவர் தாஷ்கண்டிலிருந்து வருவார்கள். மூன்றாவது ஆள் அவரே. கேள்வி ஒன்றுதான். உலையில் குறையா, எண்ணில் பொய்யா? உலையில் குறை என்றால் பிளாஸ்மா உலையைக் கழற்றிவிட்டு, அந்தக் கூடத்தைக் கிடங்காக்கிவிடுவார்கள்.

ரைசா செய்தியைக் கேட்டுவிட்டு ஓடி வந்தாள். "பாத்தியா சலோமத், கொரியாக்காரங்க புனலோட துளையில ஈ எதாவது செத்துக் கிடக்கும்."

"என் நம்பர் சரி" என்றாள் சலோமத். அன்றே ஆறு டப்பாக்களைத் திறந்து மறுபடி சோதித்தாள். வழக்கம்போல, ஒரு படியும் விடாமல். ஏழு புள்ளி ஒன்று. ஏழு புள்ளி இரண்டு. பதிவேட்டை மூடினாள். "என் நம்பர் சரி. அவங்களுக்கு அளக்கத் தெரியல."

குழு புதன்கிழமை கூடுவதாக இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவும் தங்கையும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் நோன், பாலாடை, கொஞ்சம் வால்நட். மோஹிரா நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் கொதிநீர் ஊற்றிய கெண்டியை எடுத்து, நேராகத் தன் கிண்ணத்தில் ஊற்றி வாயருகே கொண்டுபோனாள்.

"ஏய், கய்தர்மா பண்ணாம யாராவது குடிப்பாங்களா? வெந்நீர்தான் இருக்கும் அதுல."

"எதுவா இருந்தா என்ன, ஓபா." மோஹிரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் முடிவு பண்ணிட்டேன். உலையிலதான் குறைன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"உலையில என்ன குறை?"

"தெரியல. தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணும் கிடைக்கல."

"தெரியாமலே எப்படி எழுதுவே? முப்பது வருஷ வேலைடி அது."

மோஹிரா மேசைத் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "உலை இல்லைன்னா நம்பர்னு சொல்லுவாங்க. நம்பர் எழுதினது யாரு? அவங்க உங்க பேரை அந்தக் கூட்டத்துல இழுக்க நான் விட மாட்டேன். உலை போனா போகட்டும். நாப்பத்தஞ்சு வருஷத்துல நீங்க ஒரு தடவை தப்பா எழுதினதில்ல. அது எனக்குத் தெரியும்."

சலோமத் தங்கையின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது வைக்கோல் நிறத்து வெந்நீர். அவள் பழக்கமாக அதை எடுத்துக் கெண்டிக்குள் திருப்பி ஊற்றினாள். மறுபடி கிண்ணத்தில் ஊற்றினாள். நிறம் மாறியிருந்தது. மூன்றாவது முறை செந்நிறம் வந்தது. கெண்டி அதே கெண்டிதான், இலையும் தண்ணீரும் அதேதான். முதலில் வந்ததும் கடைசியில் வந்ததும் மட்டும் ஒன்றாக இல்லை.

அவள் கை அப்படியே நின்றது.

"என்ன ஓபா?"

"ஒண்ணும் இல்ல. குடி. ஆறிடப் போகுது."

திங்கட்கிழமை ஆய்வகம் எட்டு மணிக்குத் திறக்கும். சலோமத் ஏழு மணிக்கே போனாள். திரும்பி வந்த டப்பாக்களில் ஒன்றைத் திறந்து, ஒரே கரண்டியில் அள்ளி, ஐம்பது கிராம் நிறுத்து, எங்கேயும் திருப்பி ஊற்றாமல் நேராகப் புனலில் போட்டாள். விரலை எடுத்தாள். ஸ்டாப்வாட்ச் ஓடியது, தூள் ஓடவில்லை. துளையின் வாயில் கடுகளவு கட்டி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டு தொங்கியது. முப்பது நொடி, நாற்பது நொடி. அவள் ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள்.

இரண்டாவது டப்பா, மூன்றாவது டப்பா, ஒன்பதாவது வரை. இரண்டில் மட்டும் தூள் இழுத்து இழுத்து இறங்கியது. மற்ற ஏழிலும் இறங்கவில்லை. பிறகு அதே டப்பாக்களிலிருந்து எடுத்து மூன்று முறை ஊற்றிப் பார்த்தாள். ஏழு புள்ளி ஒன்று.

ரைசா உள்ளே வந்தபோது சலோமத் கையில் கறுத்த பஞ்சோடு நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ரைசா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்போ யாருக்கும் தெரியாது. நல்லா கேளு. நீ ரிடையர் ஆகிற வயசு தாண்டி ஏழு வருஷம் ஆச்சு. நாளைக்கே எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ. உன் போட்டோ வாசல்ல தொங்கட்டும். புதுசா வர்றவ புதுசா அளப்பா, அவளா கண்டுபிடிச்சுக்குவா."

"அதுக்குள்ள உலையைக் கழட்டிடுவாங்க."

"தொம்லா கிட்ட மட்டும் சொல்லேன். அவ பாத்துக்குவா."

"அவ பாத்துக்குவா. தன் தலையில போட்டுக்குவா. அது எனக்குத் தெரியாதா?"

திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. இரண்டு நாளும் சலோமத் வீட்டில் தங்கைக்குச் சோறு போட்டாள், துணி மடித்தாள், பேசவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கௌரவப் பலகையைக் கடந்துதான் நடக்க வேண்டும். முப்பத்தொன்பது வயதுச் சலோமத், கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளை அங்கியில், அங்கிருந்து நேராகப் பார்த்தாள். எந்த எண்ணையும் தப்பாக எழுதாத பெண். அந்தப் பெண்ணைக் கீழே இறக்க அவளுக்கு மனம் வரவில்லை. இதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவும் இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. மோஹிராவின் முன்னால் ஒரு தாள் இருந்தது. அதில் எழுதி முடித்திருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கதவைத் தட்டாமல் சலோமத் உள்ளே வந்தாள். ஒரு தட்டில் தராசு, புனல், இரண்டு கிண்ணங்கள், ஒரு டப்பா, பஞ்சுச் சுருள். தட்டை மேசை நடுவில் வைத்தாள்.

"சலோமத் ஓபா, உங்களை இன்னும் கூப்பிடலையே" என்றார் தாஹிர் அஸிமோவிச்.

"கூப்பிடலைதான். நம்பரைப் பத்திப் பேசுறீங்க, நம்பர் எழுதினவளை வெளியில நிக்க வெச்சுட்டு."

"ஓபா, வேண்டாம்" என்றாள் மோஹிரா மெதுவாக.

"தொம்லா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அவள் ஊற்றாமல் ஒரு முறை செய்து காட்டினாள். விரலை எடுத்தாள். அறையில் எல்லோரும் புனலின் துளையையே பார்த்தார்கள். எதுவும் விழவில்லை. பிறகு அதே டப்பாவிலிருந்து இன்னொரு ஐம்பது கிராம் எடுத்து, மூன்று முறை திருப்பி ஊற்றி, கிண்ணத்தைப் பஞ்சால் துடைத்து, புனலில் கொட்டினாள். தூள் நீர்க்கோடாக ஓடியது. ஏழு புள்ளி ஒன்று.

"சான்றிதழ்ல இருக்கிறது இது. டப்பாவுல இருக்கிறது அது. நான் கய்தர்மா பண்ணிட்டு அளந்திருக்கேன். முதல் டப்பாவுலேர்ந்தே."

தாஷ்கண்ட்காரர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ பதினோரு வருஷமா நீங்க எழுதினதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லீங்க, தப்பு. பொய்யின்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலையிலேர்ந்து தெரியும். ரெண்டு நாள் வாயைத் திறக்காம இருந்தேன் பாருங்க, அதை வேணும்னா பொய்னு எழுதிக்குங்க."

 மோஹிரா எழுந்தாள். தாள் எழுதியது நான், அந்தச் சொல்லைப் போட்டது நான் என்று சொல்லத்தான் எழுந்தாள். ஆனால் அவள் பார்வை தட்டில் கிடந்த பஞ்சில் விழுந்தது. அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன, ஓபா?"

"கிண்ணத்துல படியற அழுக்கு. துடைச்சுப் போட்டுடுவேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். சுத்தமா இருக்க வேண்டாமா?"

மோஹிரா குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஞ்சோடு நுண்ணோக்கி இருந்த அறைக்குப் போனாள். தாழ்வாரத்தில் அவள் ஓடும் சத்தம் கேட்டது. ஐம்பத்தாறு வயதுப் பெண் ஆலையில் ஓடி யாரும் பார்த்ததில்லை. தாஹிர் அஸிமோவிச் என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர் வரவழைத்தார். இருபது நிமிடம் கழித்து அவள் மூச்சிரைக்க வந்தாள்.

"புகை" என்றாள். "சுடர்ல கொஞ்சம் டங்ஸ்டன் ஆவியாகுது. அது ஆறும்போது புகைக்கரி மாதிரி ரொம்ப நுணுக்கமான தூளா உருண்டை மேலயே படியுது. அதுதான் பசை மாதிரி ஒட்ட வைக்குது. மூணு தடவை ஊத்தினா பாதி உதிர்ந்து கிண்ணத்துல ஒட்டிக்குது. உலையில குறை இல்ல. உருண்டையில குறை இல்ல. கழுவணும். தண்ணியில போட்டு அதிர்வு கொடுத்துக் கழுவி, உலர்த்தணும். அவ்வளவுதான்." பிறகு முன்னால் இருந்த தாளைப் பார்த்து, இது ஏன் இங்கே கிடக்கிறது என்பதுபோல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உலை தப்பியது. எண் தப்பவில்லை. தவறான அளவுகள் கொடுத்ததாகப் பழைய வாங்குபவர்கள் எல்லோருக்கும் ஆலை கடிதம் எழுத வேண்டியிருந்தது. அறிக்கையில் இரண்டு பெயர்கள் இருந்தன, தாள் எழுதியவள் பெயரும் அளந்தவள் பெயரும். மோஹிராவின் கையிலிருந்து ஆய்வகத் தலைமைப் பொறுப்பு எடுக்கப்பட்டது, உலை மட்டும் அவளிடம் விடப்பட்டது. அடுத்த வாரம் கௌரவப் பலகையிலிருந்து புகைப்படத்தைக் கழற்ற ஒரு ஆள் வந்தான். சலோமத் பக்கத்தில் நின்று, நான்கு திருகுகளையும் எண்ணி வாங்கிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது மோஹிரா சொன்னாள்: "பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட உங்க பக்கத்துல நின்னு கையைப் பாக்கல, ஓபா. வேற யாரா இருந்தாலும் நின்னு பாத்திருப்பேன். என் அக்கா கைதானேன்னு விட்டுட்டேன்."

"நான் மட்டும்? கேட்டிருக்கலாம். கய்தரிப்னா எத்தனை தடவைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தங்கச்சி எழுதினது எனக்குப் புரியலைன்னு ரைசா முன்னால எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

இருவரும் ஆற்றுப் பாலத்தில் ஏறினார்கள். பாலத்தின் அடியில் ஆறு சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது.

சலோமத் உடனே வேலையை விடவில்லை. ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று தாஹிர் அஸிமோவிச்சிடம் கேட்டு வாங்கினாள். பதினோரு வருடத்துப் பதிவேடுகள் ஒன்பதையும் எடுத்து மேசையில் அடுக்கினாள். உருண்டைத் தூள் பற்றிய ஒவ்வொரு வரியையும் தேடி, எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் "மூன்று முறை ஊற்றிய பின்" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டாள். இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு வரிகள். ரைசா பார்த்துவிட்டு, "ஒரு ரப்பர் ஸ்டாம்ப் பண்ணிக்கயேன், ரெண்டு நாள்ல முடிஞ்சுடும்" என்றாள். சலோமத் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நவம்பர் நடுவில்தான் முடிந்தது.

அதற்குள் மோஹிராவின் கழுவும் தொட்டி தயாராகியிருந்தது. கழுவி உலர்த்திய முதல் டப்பா ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்கு வந்தது. ரைசா புனலை எடுத்து வைத்தாள். மோஹிரா அதை அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"ரைசா செய்யட்டும், தொம்லா. என் கை பழகின கை."

"பழகின கைதான் வேணும். இன்னிக்கு நான் பக்கத்துல நிக்கறேன்."

சலோமத் டப்பாவை மூடியோடு ஒரு முறை கவிழ்த்து நிமிர்த்தினாள். ஐம்பது கிராம் நிறுத்தாள். வலது கை தானாக இரண்டாவது கிண்ணத்தைத் தேடிப் போனது. அங்கே கிண்ணம் இல்லை. மோஹிரா அதைக் காலையிலேயே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். சலோமத் தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தூளை நேராகப் புனலில் கொட்டி, விரலை எடுத்தாள்.

தூள் ஓடியது. நடுவில் நிற்கவில்லை. எட்டு புள்ளி மூன்று.

"என் ஏழு புள்ளி ஒண்ணைவிட மெதுவு" என்றாள் சலோமத்.

"மெதுவுதான். முதல் கழுவல்ல புகை முழுசாப் போகல" என்றாள் மோஹிரா. "எழுதுங்க."

சலோமத் எழுதினாள். அந்த டப்பாவும் பிறகு வந்த நாற்பதும் கொரியாவுக்குப் போயின, திரும்பி வரவில்லை. சுவரில் புதிய தாள் மாட்டப்பட்டது. நான்காவது வரி: "மூடிய டப்பாவை ஒரே ஒரு முறை கவிழ்த்து நிமிர்த்தவும். கய்தர்மா கூடாது." வாங்குபவர்கள் செய்முறையைக் கேட்டபோது மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொல்லை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டார். இது என்ன சொல் என்று கொரியாவிலிருந்து கேட்டு எழுதினார்கள்.

"என்ன பதில் போட்டே?" என்று வீட்டில் சலோமத் கேட்டாள். டிசம்பரில் அவள் ஓய்வு பெற்றிருந்தாள். மேசையில் கெண்டி இருந்தது.

"எங்க ஆய்வகத்துல நடந்த ஒரு தப்போட பேருன்னு எழுதினேன்."

"யாரு பண்ணினதுன்னு எழுதினியா?"

"நாங்க ரெண்டு பேரும்னு எழுதினேன்."

சலோமத் தலையாட்டினாள். கெண்டியை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, திருப்பி ஊற்றி, மூன்று முறை முடிந்த பிறகு, தங்கைக்கு நான்காவதைக் கொடுத்தாள்.